கொச்சியில் படகுச் சவாரிக்குத் தனிப் படகு தேவையில்லை

குழந்தைகளோடு கொச்சி போகிறீர்களா? படகுச் சவாரிக்கென்று தனியார் படகைப் பேசி வாடகை கொடுக்காமல், எர்ணாகுளம் போட் ஜெட்டியிலிருந்து (படகுத்துறை) ஃபோர்ட் கொச்சி போகும் கேரள அரசுப் படகில் ஏறிவிடுங்கள். டிக்கெட் சில ரூபாய்தான்.

எர்ணாகுளத்துக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே காயல் இருப்பதால் காரில் போனால் தோப்பும்படி வழியாகச் சுற்றி, நெரிசலில் ஊர்ந்துதான் போக வேண்டும். படகு நேராகக் காயலைக் கடந்துவிடும். வழியிலேயே துறைமுகம், பெரிய கப்பல்கள், வெலிங்டன் தீவு எல்லாம் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு அந்தக் கப்பல்களே போதும், வேறு எதுவும் காட்ட வேண்டியதில்லை! இறங்கினால் சீன மீன்பிடி வலைகள் நடக்கும் தூரத்தில்தான். ஏசி வேண்டுமென்றால் ஹைகோர்ட் அருகிலிருந்து வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவை இருக்கிறது; கட்டணம் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

விடுமுறை நாள் மாலைகளில் இந்த யோசனை சரிப்படாது. திரும்பி வரும் வரிசை நீளமாக இருக்கும், கைக்குழந்தையோடு நிற்க முடியாது. நினைத்த இடத்தில் நிறுத்திப் படமெடுக்க, நிதானமாகச் சூரிய அஸ்தமனம் பார்க்க ஆசையென்றால் தனிப் படகுதான் சரி. அப்புறம், பக்கத்திலுள்ள மட்டாஞ்சேரி யூத ஆலயத்தையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் சனிக்கிழமை வேண்டாம், அன்று மூடியிருக்கும்.