பாக்கெட்டைத் திருப்பிப் படிப்போம்: ‘இயற்கை’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுபிடிக்கும் வழி

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாலைத் தேநீரோடு சாப்பிட ஏதாவது வேண்டுமென்று அவரே கடையில் தேடி ஒரு ராகி பிஸ்கட் வாங்கி வந்தார். பாக்கெட்டின் முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம், பச்சை இலை, ‘இயற்கையின் நன்மை’, ‘பாரம்பரியச் சுவை’ என்று அழகான தமிழ் எழுத்து. இரண்டு மாதம் அதைத்தான் சாப்பிட்டார். ஒரு நாள் நான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொருள் பட்டியலில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில். ராகி மாவு அதற்கும் பின்னால் 9 சதவீதம் என்று இருந்தது. படித்துக் காட்டியதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: “இத ஏன்டா தமிழ்ல போடல?”

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. நம் நாட்டு விதிப்படி லேபிளின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழில் போடுவது நிறுவனத்தின் விருப்பம். அதனால் நம்மை வாங்கத் தூண்டும் சொற்கள் பெரிய தமிழ் எழுத்தில் முன்னால் இருக்கின்றன. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும் சொற்கள் பொடி ஆங்கில எழுத்தில் பின்னால் கிடக்கின்றன. இதற்காக ஆங்கிலம் சரளமாகத் தெரிய வேண்டியதில்லை. இருபது சொற்களையும் சில எண்களையும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். உங்கள் சமையலறையிலிருந்து ஐந்து பாக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். கண் மங்கலாக இருந்தால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

படி 1: முன்பக்கச் சொற்களுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘நேச்சுரல்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது நாம் எஃப்எஸ்எஸ்ஏஐ என்று சொல்வது, 2018-இல் விளம்பரங்களுக்கும் லேபிள் வாசகங்களுக்கும் விதிகள் கொண்டுவந்தது. இயற்கையாகக் கிடைத்த, வேறு எதுவும் சேர்க்காத ஒற்றைப் பொருளைத்தான் ‘நேச்சுரல்’ என்று சொல்லலாம். வறுப்பது, உலர்த்துவது, உறைய வைப்பது போன்ற எளிய பக்குவங்களுக்கு அனுமதி உண்டு. பல பொருள் கலந்த பிஸ்கட்டோ ஜூஸோ அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் ‘இயற்கையான பொருள்களால் செய்தது’ என்று சொல்ல வழியிருக்கிறது. இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன, பாருங்கள்.

இன்னொரு வழி, அந்தச் சொல்லையே கம்பெனியின் பெயராக வைத்துக்கொள்வது. ‘நேச்சுரல்’, ‘ப்யூர்’, ‘ஃப்ரெஷ்’, ‘ரியல்’ போன்ற சொற்கள் பிராண்ட் பெயருக்குள் இருந்து, அது வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கும் என்றால், ‘இது வெறும் பிராண்ட் பெயர் அல்லது வணிகச் சின்னம், பொருளின் உண்மையான தன்மையைக் குறிக்காது’ என்ற வாசகத்தை லேபிளில் போட வேண்டும். எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உங்கள் ஐந்து பாக்கெட்டில் அந்த வாசகம் எதிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், பெரிய எழுத்தில் இருப்பது பெயர் மட்டும்தான் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

‘பாரம்பரியம்’ என்று போட, அந்தச் செய்முறை தலைமுறைகளாகப் பெரிய மாற்றமில்லாமல் இருந்து வர வேண்டும். ஆனால் அது உடம்புக்கு நல்லதா என்பதைப் பற்றி இந்த விதி ஒன்றும் சொல்வதில்லை. பச்சை இலைப் படத்துக்கும், மண்பானைப் படத்துக்கும், ‘பாட்டி கைப்பக்குவம்’ என்ற வரிக்கும் நான் எந்த மதிப்பும் கொடுப்பதில்லை.

படி 2: பொருள் பட்டியலைப் படியுங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றதற்கெல்லாம் நேரமில்லை என்றாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

பின்பக்கத்தில் ‘இன்கிரீடியன்ட்ஸ்’ என்று தொடங்கும் பத்தியைக் கண்டுபிடியுங்கள். பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்கும். அது விதி. ஆகவே முதல் மூன்று பொருள்கள் என்னவோ, நீங்கள் வாங்குவது பெரும்பாலும் அதுதான். முன்னால் படம் போட்டோ பெயர் சொல்லியோ ஒரு பொருளைப் பெருமையாகக் காட்டினால், அது எத்தனை சதவீதம் என்று பட்டியலில் சொல்ல வேண்டும். அம்மாவின் பிஸ்கட்டில் 9 என்ற எண் இருந்தது அதனால்தான்.

மாவு வகை: ‘ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்’ என்றால் மைதா. ‘ஹோல் வீட்’ அல்லது ‘ஆட்டா’ என்றிருந்தால் முழுக் கோதுமை மாவு. வெறும் ‘வீட் ஃப்ளோர்’ என்றிருந்தால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பல நேரம் அங்கே மைதா உட்கார்ந்திருக்கும். பிரவுன் பிரெட் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரொட்டியின் பழுப்பு நிறம் தவிட்டால் வந்ததாகவும் இருக்கலாம், கேரமல் கலரால் வந்ததாகவும் இருக்கலாம். பட்டியலில் 150 என்று தொடங்கி ஏ, பி, சி, டி என்ற எழுத்தில் முடியும் எண் இருந்தால் அது கேரமல் நிறமி.

எண்ணெய்: ‘பாம் ஆயில்’, ‘பாமோலின்’ இரண்டும் பாமாயில்தான். ‘வெஜிடபிள் ஃபேட்’ என்றிருந்தால் எந்த எண்ணெய் என்று பக்கத்தில் தேடுங்கள்.

சர்க்கரைக்குத்தான் வேஷம் அதிகம். ‘சுகர்’ என்பது எல்லோருக்கும் தெரியும். ‘லிக்விட் குளுக்கோஸ்’, ‘இன்வெர்ட் சிரப்’, ‘டெக்ஸ்ட்ரோஸ்’, ‘ஃப்ரக்டோஸ்’, ‘கார்ன் சிரப்’, ‘ஜாகரி’ (வெல்லம்), ‘ஹனி’, ‘ஃப்ரூட் கான்சென்ட்ரேட்’ எல்லாம் அதே குடும்பம். ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ சுவையில் இனிக்காது, ஆனால் ரத்தத்தில் வேகமாகக் குளுக்கோஸாக மாறும். ஒரே பாக்கெட்டில் மூன்று வகை இனிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது எதுவும் பட்டியலின் உச்சிக்கு வராது. இந்தப் பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்று விரல் விட்டு எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் போனால் நான் பாக்கெட்டை அலமாரியிலேயே வைத்துவிடுவேன்.

அப்புறம் எண்கள். ‘ஐஎன்எஸ்’ (உணவில் சேர்க்கும் நிறமி, பதப்பொருள் போன்றவற்றுக்கான சர்வதேச எண்) என்று போட்டு வரும் எண்களைக் கண்டு எடுத்த எடுப்பில் பயப்பட வேண்டாம். 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையிலும் இருப்பது. 500 சோடா உப்பு. 322 லெசித்தின், எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் குழம்பாக்கி. 211 சோடியம் பென்சோயேட், கெடாமல் வைப்பது. 621 அஜினோமோட்டோ என்று நாம் சொல்வது. 102, 110 இரண்டும் செயற்கை மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள். எல்லாமே குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கப்பட்டவைதான். ஆனாலும் நிறமி, மணமூட்டி, குழம்பாக்கி என்று வரிசையாக வந்தால், உணவு தொலைவில் ஒரு தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

படி 3: சத்து அட்டவணையில் இரண்டே வரிகள்

100 கிராமுக்கு எவ்வளவு என்ற பத்தியை மட்டும் பாருங்கள். ஒரு சர்விங் (ஒரு முறை சாப்பிடும் அளவு) என்று சிறிய அளவைக் காட்டி எண்ணைக் குறைத்துக் காட்டுவது வழக்கம்.

முதல் வரி ‘ஆடட் சுகர்’, சேர்த்த சர்க்கரை. 100 கிராமில் 22 கிராம் என்றிருந்தால், நான்கு பிஸ்கட் (சுமார் 30 கிராம்) தின்றால் 6.6 கிராம், ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை. சேர்த்த சர்க்கரை போன்றவற்றை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டாவது ‘சோடியம்’. மில்லிகிராம் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமில் 900 மில்லிகிராம் சோடியம் உள்ள மிக்சரை 50 கிராம் சாப்பிட்டால் ஒரு கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போகிறது. நாள் முழுவதற்கும் 5 கிராம்தான் வரம்பு, அதில் வீட்டுச் சாம்பாரும் ஊறுகாயும் அடக்கம்.

படி 4: எவ்வளவு பதப்படுத்தியது என்று தரம் பிரியுங்கள்

பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோ குழுவினர் ‘நோவா’ என்று ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார்கள். நான்கு வகை. முதலாவது, அரிசி, பருப்பு, காய், பால், முட்டை போல அப்படியே இருப்பவை அல்லது லேசாகப் பக்குவப்படுத்தியவை. இரண்டாவது, எண்ணெய், உப்பு, சர்க்கரை, வெல்லம் போலச் சமையலுக்குச் சேர்ப்பவை. மூன்றாவது, இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த எளிய உணவு. பனீர், வீட்டு ஊறுகாய், கடலை மிட்டாய் போன்றவை. நான்காவது, மிகையாகப் பதப்படுத்தியவை. குளிர்பானம், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், பாக்கெட் சிப்ஸ், பெரும்பாலான பிஸ்கட்.

கடையில் நின்று இதையெல்லாம் யோசிக்க முடியாது. அதற்கு நான் வைத்திருக்கும் சோதனை இது: பட்டியலில் உள்ள பொருளை என் அஞ்சறைப் பெட்டியிலோ மளிகை டப்பாவிலோ பார்க்க முடியுமா? கடலை மிட்டாயில் வேர்க்கடலை, வெல்லம். பாக்கெட் இட்லி மாவில் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு. சரி, வாங்கலாம். பாக்கெட்டில் வருவதெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ரவை, அவல், துவரம்பருப்பு எல்லாம் பாக்கெட்டில்தான் வருகின்றன.

படி 5: ஒரு பொருளை மட்டும் மாற்றத் தொடங்குங்கள்

ஒரே நாளில் அலமாரியைக் காலி செய்தால் அடுத்த வாரமே பழையபடி ஆகிவிடும். வீட்டில் தினமும் செலவாகும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அது மாலைத் தீனி. பிஸ்கட் இருந்த இடத்துக்கு ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் பொட்டுக்கடலையும் தேங்காய்த் துண்டும், ஒரு நாள் அவித்த வேர்க்கடலை. அம்மாவுக்கு வேர்க்கடலை நாள்தான் பிடித்த நாள்.

ஜூஸ் குடிப்பவர்கள் பழமாகச் சாப்பிடலாம். அடர்த்தியாக்கிய பழச்சாற்றில் தண்ணீர் கலந்து திரும்பத் தயாரித்த ஜூஸ்களில் ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று போடுவதை நிறுத்தும்படி எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஜூனில் உத்தரவிட்டது. தாகத்துக்கு நீர்மோரை மிஞ்ச எதுவுமில்லை.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் பானப் பொடியின் பட்டியலையும் படியுங்கள். சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாது, அந்தத் தலைப்பில் இவற்றை விற்க வேண்டாம் என்று இணையக் கடைகளுக்கு 2024 ஏப்ரலில் சொல்லப்பட்டது. சத்துமாவு வேண்டுமானால் கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை எல்லாம் வறுத்து மாவு மில்லில் கொடுத்தால் வேலை முடிந்தது.

வெல்லம் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ‘வெல்லத்தில் செய்தது’ என்ற வரியை நம்பிச் சர்க்கரை நோயாளிகள் கூடுதலாகச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

படி 6: சான்று முத்திரைகளைப் பாருங்கள், சந்தேகம் வந்தால் புகார் கொடுங்கள்

எல்லா பாக்கெட்டிலும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கும். அது உரிம எண்தான், தரச் சான்று இல்லை. ஆர்கானிக் (ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்தது) என்று சொல்லும் பாக்கெட்டில் அரசின் ஆர்கானிக் சான்று முத்திரையைத் தேடுங்கள். சிறு விவசாயி தன் விளைச்சலை நேரடியாக விற்கும்போது சான்று கட்டாயமில்லை, அவரிடமே பேசித் தெரிந்துகொள்ளலாம். ஆர்கானிக் சர்க்கரையும் ஆர்கானிக் மைதாவும் சேர்ந்த பிஸ்கட் பிஸ்கட்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முன்பக்கம் சொல்வதும் பின்பக்கம் சொல்வதும் பொருந்தவில்லை என்று தோன்றினால் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ என்ற அரசு செயலியில் உரிம எண்ணைச் சரிபார்க்கவும் முடியும், புகார் பதியவும் முடியும். படம் எடுக்கும்போது தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் தெளிவாக விழ வேண்டும். புகார் விசாரணையில் எந்தச் சரக்கு என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.