லூபஸ் ரத்தப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஓ.பி.யில் முதலாமாண்டு பி.ஜி. மாணவர் ஒருவரின் சீட்டைப் பார்த்தேன். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்று வந்த ஐம்பது வயது அம்மாவுக்கு ஏ.என்.ஏ. எழுதியிருந்தார். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயைச் சந்தேகித்தால் முதலில் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. பயிற்சிக் காலத்தில் நானும் இப்படித்தான் தேவையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவா, அப்போ லூபஸ்தான்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருக்கும், சரி. ஆனால் பாசிட்டிவாக இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு லூபஸ் இருக்காது. எந்த நோயும் இல்லாத நூறு பேரை எடுத்தால் 1:80 அளவில் (ரத்த நீரை 80 மடங்கு நீர்த்த பிறகும் தெரிவது) பத்துப் பேருக்கு மேல், 1:160-இல் ஏறக்குறைய 5 பேர் பாசிட்டிவ். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் மாத்திரையாலும் வரும்.

என் பயிற்சிக் காலத்தில் ஒரு கல்லூரி மாணவி வந்தார். அசதி, கைகால் வலி, ஏ.என்.ஏ. 1:80. லூபஸ் என்று எழுதி ஸ்டீராய்டு ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறிவிட்டது. என் சீனியர் ரிப்போர்ட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "வாய்ப்புண் வருதாம்மா? முடி கொட்டுதா? வெயில்ல போனா முகம் சிவக்குதா?" எதுவும் இல்லை. தைராய்டுக்கான டி.எஸ்.எச். சோதனை பார்த்தோம். எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். அந்த வகைத் தைராய்டு நோயிலும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக வரும். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த முடிந்தது. "அப்போ இத்தனை நாள் எதுக்கு டாக்டர் அந்த மாத்திரையப் போட்டா?" என்று அவருடைய அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் அமைப்புகள் ஆய்வுகளுக்காக 2019-இல் வெளியிட்ட அளவுகோலிலும் 1:80 என்பது உள்ளே நுழையும் வாசல் மட்டுமே. அப்புறம் அறிகுறிகளுக்கும் மற்ற சோதனைகளுக்கும் தரும் மதிப்பெண் 10 சேர வேண்டும். நோயாளியிடம் நோயின் அறிகுறி ஒன்றாவது இருக்க வேண்டும்.

டைட்டரும் பேட்டர்னும் இல்லாத ரிப்போர்ட்

எத்தனை மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ் (டைட்டர்), நுண்ணோக்கியில் எந்த வடிவில் தெரிந்தது (பேட்டர்ன்) என்று சொல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏ.என்.ஏ.

வேண்டாம். நோயின் ஏற்ற இறக்கத்தை அது காட்டாது. அதைக் காட்டும் ரத்தச் சோதனைகளான ஆன்டி டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4 பாருங்கள்.

சிறுநீரை மறப்பது

ரத்தம் எடுக்கும் அதே காலையில் சிறுநீரும் போகட்டும். லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது பெரும்பாலும் வலிக்காது. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிவிடும்.

காய்ச்சல் வந்ததும் ஸ்டீராய்டைக் கூட்டுவது

காய்ச்சல் லூபஸாலும் வரும், தொற்றாலும் வரும். அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகள் இரண்டு: ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. லூபஸ் தீவிரமாகும்போது ஈ.எஸ்.ஆர். ஏறும்; சி.ஆர்.பி. பல நேரம் அந்த அளவுக்கு ஏறாது. சி.ஆர்.பி. எகிறியிருந்தால் முதலில் தொற்றைத் தேடுங்கள்.