திருகோணமலை வெக்கையில் தண்ணீரால் குளிரும் கணினி: கடினக் குழாயில் முதல் முறை கட்டுபவருக்கு

கலியாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். அறை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு அறைக்குள் 34 டிகிரி நிற்கும். அந்த நேரத்தில் ரெண்டர் போட்டால் சாதாரண ஃபேன் கூலர் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதனால்தான் தண்ணீருக்கு மாறினேன். பம்ப் தொட்டியில் உள்ள தண்ணீரைச் சிப்புகளின் மேல் பூட்டிய உலோகக் கட்டைகள் (பிளொக்) வழியாகத் தள்ளும், அங்கே ஏறும் சூட்டை ரேடியேற்றரும் ஃபேன்களும் காற்றில் விடும். இப்போது அறைக்கு வரும் தம்பிமார் எல்லாம் அந்தக் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் குழாய்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எனக்கும் இப்படி ஒன்று கட்ட வேணும்" என்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அறையின் வெப்பத்தை அளந்து பாருங்கள். கேஸிங் எது, விளக்கு எந்த நிறம் என்பதெல்லாம் பிறகு. ரேடியேற்றர் ஒன்றும் குளிர்சாதனப்பெட்டி இல்லை. தண்ணீரில் உள்ள சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றுகிறது, அவ்வளவுதான். ஆகவே தண்ணீர் ஒருநாளும் அறையை விடக் குளிராது. நன்றாகக் கட்டிய கணினியில், முழு வேலை நடக்கும்போது தண்ணீர் அறையை விடச் சுமார் 10 டிகிரி கூட இருக்கும். நுவரெலியாவில் 18 டிகிரி அறையில் இருப்பவருக்கு அது 28. எனக்கு 44, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளி விட்டு அள்ளிய மாதிரி. யூடியூபில் பார்க்கும் வெள்ளைக்காரர் கட்டுவது 20 டிகிரி அறையில். அவர் தண்ணீரை 20 டிகிரி ஏறவிட்டாலும் 40இல் நிற்கும். அதே கணக்கை இங்கே போட்டால் 54. பெரும்பாலான பம்புகளுக்கு எல்லை 60 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. தண்ணீர் அறையை விடக் குளிராது என்பதால் மாரி காலத்து ஈரப்பதத்திலும் குழாய் வெளிப்புறத்தில் வேர்க்காது. நிறையப் பேர் பயப்படுவது இதற்குத்தான், பயம் வேண்டாம். ஆனால் அறை குளிரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கணினி 450 வாட் எடுத்தால் அந்த 450 வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ரேடியேற்றர் எவ்வளவு வேண்டும்? என் கணினியில் சிபியு ரைசன் 7 5800எக்ஸ், கிராபிக்ஸ் காட் ஆர்டிஎக்ஸ் 3080. முன்னது உச்சத்தில் 142 வாட், பின்னது 320. கூட்டினால் 460 சொச்சம். ஃபேன் இரைச்சல் இல்லாமல் சுற்றும் வேகத்தில், தண்ணீர் அறையை விட 10 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க, 120 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இது தோராயக் கணக்குத்தான். அப்படியானால் ஐந்து ஃபேன் வேண்டும். நான் மூன்று ஃபேன் பிடிக்கும் 360 ரேடியேற்றர் இரண்டு போட்டேன், ஆறு ஃபேன். காசு பார்த்து ஒன்றோடு நிறுத்தாதீர்கள். காசைக் குறைக்க வேண்டுமென்றால் விளக்குகளில் குறையுங்கள். இரண்டு 360 உள்ளே போகாத கேஸிங்கை, எவ்வளவு வடிவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

ரேடியேற்றர் வாங்கும்போது செம்பா அலுமினியமா என்று கட்டாயம் பாருங்கள். பிளொக் செம்பு, குழாய் முனையைப் பூட்டும் பிட்டிங் பித்தளை. இடையில் ஒரே ஒரு அலுமினியச் சாமான் நுழைந்தாலும் போதும், தண்ணீர் வழியே மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் கரையத் தொடங்கும். மலிவாக வரும் செட்டுகளில் இந்தக் கலப்பு நடக்கும். கிராபிக்ஸ் காட்டின் பிளொக்கும் கவனம்: 3080 என்று பெயர் இருந்தால் போதாது, உங்கள் காட்டின் சரியான மொடலுக்கே செய்த பிளொக் வேண்டும். போர்டின் அமைப்பு கம்பனிக்குக் கம்பனி வேறு.

பிளொக், பம்ப், பிட்டிங் எதுவும் நம் ஊரில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வருபவரின் பெட்டியில் வர வேண்டும், அல்லது பார்சலில். அதனால் பிட்டிங் கணக்குக்கு மேல் இரண்டு, ஓ-ரிங் (ஒழுகாமல் பிடிக்கும் ரப்பர் வளையம்) ஒரு பிடி, குழாய் தேவையானதைப் போல இரண்டு மடங்கு என்று சொல்லுங்கள். ஒரு ஓ-ரிங்குக்காக வாரக்கணக்கில் காத்திருப்பது பெரிய எரிச்சல். பிட்டிங் எல்லாம் ஜி கால் அங்குல மரைதான், எந்தக் கம்பனியும் எந்தக் கம்பனியோடும் சேரும். ஆனால் குழாயின் வெளிவிட்டமும் பிட்டிங்கும் ஒன்றாக இருக்க வேண்டும்: 12, 14, 16 மில்லிமீற்றர் என்று வரும். முதல் முறைக்கு 14 நல்லது.

குழாய்க்கு எந்தப் பிளாஸ்டிக், பெட்ஜியா அக்ரிலிக்கா? கேட்காத ஆள் இல்லை. பெட்ஜி சீக்கிரம் இளகும், சுலபமாக வளையும், வெட்டும்போது வெடிக்காது. ஆனால் அந்தச் சுலபம்தான் இங்கே வில்லங்கம். பம்ப் நின்றுபோய், அறையும் 35இல் இருந்தால் பிளொக்குக்குள் நிற்கும் தண்ணீர் சட்டென்று 60ஐத் தாண்டும். பெட்ஜி பிட்டிங் பிடித்திருக்கும் இடத்தில் இளகி வழுக்கிக் கழன்றுவிடலாம். அக்ரிலிக் இன்னும் அதிக சூட்டைத் தாங்கும். வளைக்கக் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும், வெட்டும்போது அவசரப்பட்டால் வெடிக்கும். என் தீர்ப்பு: பழகுவதற்குப் பெட்ஜி, மாட்டுவதற்கு அக்ரிலிக். அக்ரிலிக் போட்டால் இன்னொன்று: ஸ்பிரிட் தொட்ட துணியால் அதைத் துடைக்கவே கூடாது. அற்ககோல் பட்டால் மயிரிழை மயிரிழையாகக் கீறல் விழும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

குழாய் எந்த வரிசையில் போக வேண்டும் என்று மண்டையை உடைக்காதீர்கள். நிமிடத்துக்கு மூன்று லீற்றர் ஓடினால், 460 வாட் சூடு ஏறியும் ஒரு சுற்றில் தண்ணீர் இரண்டு டிகிரி சொச்சம்தான் மாறும். எது முன், எது பின் என்பதால் ஒன்றும் வராது. எது குறுகிய பாதையோ, எதற்கு வளைவு குறைவோ அது. இரண்டே விதி: தொட்டி பம்புக்கு மேலே, நேரே அதற்கு முன்னால் இருக்க வேண்டும். சிபியு பிளொக்கில் உள்வாய், வெளிவாய் என்று குறித்திருந்தால் மாற்றக் கூடாது.

அப்புறம், எல்லாவற்றுக்கும் கீழே உள்ள இடத்தில் ஒரு டீ பிட்டிங்கும் பந்து வால்வும் போட்டு வடிகால் வையுங்கள். வடிகால் இல்லாமல் கட்டினால், பின்னொரு நாள் ராம் மாற்றுவதற்குக் கூட கேஸிங்கைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டி வரும்.

வளைப்பது

ஹீற் கன், சின்னப் பல் வாள், 400 நம்பர் அரத்தாள், கட்டுக்கம்பி எல்லாம் மத்திய வீதி ஹாட்வெயர் கடைகளில் கிடைக்கும். வெளியிலிருந்து வர வேண்டியது குழாயின் உள்விட்டத்துக்குச் சரியான சிலிக்கோன் கயிறு மட்டும். அது உள்ளே இல்லாமல் வளைத்தால் குழாய் மடிந்து சப்பையாகும். வளைப்பதற்கான அச்சை விலைக்கு வாங்கத் தேவையில்லை. மரவேலை பாஸ் ஒருவரிடம் சொல்லி, 30 மில்லிமீற்றர் ஆரையுள்ள கால் வட்டக் கட்டை ஒன்றைப் பலகையில் அடித்து வாங்குங்கள். சுவரோரமாக ஒரு நேர்ச் சட்டமும் அடிக்கச் சொன்னால் 90 டிகிரி தானாக வரும்.

முதலில் கட்டுக்கம்பியை ஒரு பிட்டிங்கிலிருந்து மற்றதற்கு வளைத்துப் பாதையைப் பிடியுங்கள். அந்தக் கம்பியைக் குழாயின் பக்கத்தில் வைத்து வளைவின் நடுவை மார்க்கரால் குறியுங்கள். வெட்டிவிட்டு வளைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் நீளம் விட்டு வளைத்து, கடைசியில்தான் வெட்ட வேண்டும். பிட்டிங்குக்குள் நுழையும் முனையில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நேராக இருக்கவும் வேண்டும். வளைவு அதற்குள் இறங்கினால் ஓ-ரிங் பிடிக்காது.

சிலிக்கோன் கயிற்றில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவி உள்ளே தள்ளுங்கள். வறண்ட கயிறு உள்ளே போகும், திரும்பி வராது. இப்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஆம், இந்த வெக்கையில். காற்று ஒரு பக்கம் அடித்தால் குழாயின் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து வளைவு கோணலாகும். அதனால் இந்த வேலையை விடியற்காலை ஆறு மணிக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஹீற் கன்னைக் கையில் பிடிக்காமல் மேசையில் வாய் மேலே பார்க்க நிறுத்தி, குழாயை அதற்கு ஒரு சாண் உயரத்தில் இரு கைகளாலும் பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள். சூடு பத்து சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பரவ வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் உள்ளே குமிழ் வரும். குமிழ் வந்த துண்டு வீண்தான். கொஞ்ச நேரத்தில் உருட்டும்போது ஒரு கையின் திருப்பம் மறுகைக்கு வந்து சேரப் பிந்தும். அதுதான் குறி. இன்னும் சில விநாடி உருட்டுங்கள், தன் பாரத்திலேயே தொய்யும். எடுத்து, இழுக்காமல், கட்டையைச் சுற்றி மெதுவாக வையுங்கள். அசையாமல் ஒரு நிமிடம் பிடியுங்கள். அவசரப்பட்டு ஈரத் துணி போடுவார்கள் சிலர். அக்ரிலிக்குக்கு அது ஆகாது, உள்ளுக்குள் இழுவிசை தங்கிப் பிறகு வெடிக்கும்.

ஒரே குழாயில் இரண்டு வளைவு வந்தால் நீளவாக்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அதில் தெரியும். மூன்று வளைவு வருகிற குழாயை முதல் கணினியில் யோசிக்கவே வேண்டாம். அங்கே 90 டிகிரி பிட்டிங் போட்டுவிடுங்கள், யாரும் மாக்ஸ் குறைக்க மாட்டார்கள்.

வெட்டிய முனையை உள்ளும் புறமும் அரத்தாளால் தேய்த்து, வெளி விளிம்பைச் சற்றே சாய்வாக்குங்கள். ஒழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் வளைவு அல்ல, கூரான முனை ஓ-ரிங்கைச் சீவிவிடுவதுதான். விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்குச் சுருக்கென்றால் ஓ-ரிங்குக்கும் அப்படித்தான்.

சோதனையும் நிரப்புவதும்

புது ரேடியேற்றருக்குள் ஒட்டுவேலைத் தூசும் பிசினும் இருக்கும். வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள், தண்ணீர் தெளியும் வரை. கடைசிக் கழுவல் மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரில். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேத்தலில் கொதிக்க வைத்தது எதுவும் கணினிக்குள் தங்கக் கூடாது. கொதித்தால் கிருமி சாகும், உப்பும் சுண்ணாம்பும் அப்படியே இருக்கும். கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும்.

பூட்டி முடிந்ததும் முதலில் காற்று. ஜி கால் மரையில் பூட்டும் சின்ன அழுத்தமானியும் கைப்பம்பும் விற்கிறார்கள், அதையும் சாமானோடு எடுங்கள். 0.5 பார் ஏற்றி அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். வெயில் நேரே படும் இடத்தில் வைத்தால் முள் தானாக ஏறி இறங்கும், நம்ப முடியாது. இறங்கினால் பிட்டிங் ஒவ்வொன்றாகச் சவர்க்கார நுரை தடவித் தேடலாம்.

அதன் பிறகு திரவம். பம்புக்கு மட்டும்தான் கரண்ட் போக வேண்டும். மதர்போட், சிபியு, கிராபிக்ஸ் காட் வயர்கள் எல்லாம் கழற்றியிருக்கட்டும். பவர் சப்ளையைத் தனியே எழுப்ப 24 பின் இணைப்பில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் சேர்க்க வேண்டும். எல்லாமே கறுப்பென்றால் 16ஆம், 17ஆம் பின்கள். பவர் சப்ளையை நிறுத்திவிட்டுச் சேருங்கள். ஒவ்வொரு பிட்டிங்கின் கீழும் ரிசூத் தாள். தொட்டியை நிரப்ப பாமசியில் 50 மில்லி சிரிஞ்சு வாங்கினால் சிந்தாது. தொட்டி நிறைந்ததும் பம்பை ஓரிரு விநாடி ஓடவிட்டு நிறுத்துங்கள், மறுபடி ஊற்றுங்கள். தொட்டி காலியாகி பம்ப் வறண்டு ஓடக் கூடாது. டி5 வகைப் பம்புக்கு உள்ளே ஓடும் திரவமே எண்ணெய். கேஸிங்கை முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேற்றருக்குள் மாட்டிய காற்று மேலே வரும். ஒரு நாள் இப்படியே ஓடவிட்டு, ரிசூ எல்லாம் காய்ந்திருந்தால் மற்ற வயர்களைப் பூட்டலாம்.

நிறத்துக்கு ஆசைப்பட்டுப் பால் மாதிரி அடர்த்தியான திரவம் வாங்காதீர்கள். அதில் மிதக்கும் துகள் பிளொக்கின் மெல்லிய பள்ளங்களில் படியும். நிறமில்லாத, அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்த கூலன்ட் போதும். குழாயின் வளைவே அழகு.

ஃபேன் வேகத்தை சிபியுவின் சூட்டோடு கட்டாதீர்கள். அது விநாடிக்கு விநாடி துள்ளும், ஃபேனும் கூடவே கத்தும். தண்ணீரில் ஒரு சென்சர் பூட்டி, மதர்போட்டின் வெப்பச் சென்சர் முனையில் சொருகி, அதோடு கட்டுங்கள். அந்த முனை எல்லா மதர்போட்டிலும் இல்லை, வாங்கும்போதே பாருங்கள். என் கணினியில் 38 வரை மெதுவாக, 45இல் முழு வேகம், 52 தொட்டால் கணினி தானாக நின்றுவிடும்.

கடற்காற்றுக்கு ஒரு வார்த்தை. உப்பும் தூசும் சேர்ந்து ரேடியேற்றர் இதழ்களில் ஈரப்பசையாக ஒட்டும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காமல், ஃபேன் வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள். இதழ்களை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

கூலன்டை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கச்சான் தொடங்குமுன் என்றால் வசதி. சில வகைகளில் எதிலீன் கிளைக்கோல் உண்டு. இனிக்கும், நாய் பூனை நக்கினால் சிறுநீரகம் போய்விடும். வடித்ததைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் போத்தலில் அடைத்து, வாகன ரேடியேற்றர் திருத்தும் பாஸிடம் கேட்டுப் பாருங்கள். பழைய கூலன்ட் சேர்க்கும் கலன் அவரிடம் இருந்தால் அதில் ஊற்றிவிடலாம்.