புலியைக் கட்டிப்பிடித்த பிக்கு: அந்தப் படத்தை நம்புவதில் நாம் செய்யும் தவறுகள்

காவி உடுத்திய பிக்கு ஒருவர் வளர்ந்த புலியின் மேல் கை போட்டு உட்கார்ந்திருக்கும் படம் உங்கள் வாட்ஸப்புக்கும் ஒரு நாள் வந்திருக்கும். அன்பின் வலிமையைப் பற்றி ஒரு வரியும் கூடவே வரும். பெரும்பாலும் அது தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில், சாய் யோக் பகுதியில் உள்ள வாட் பா லுவாங்தா மகா புவா என்ற கோயிலில் எடுத்த படம். உலகம் அதைப் புலிக் கோயில் என்றே அறிந்திருந்தது. அங்கே இப்போது அந்தப் புலிகள் இல்லை. 2016 ஜூன் மாதத்தில் தாய்லாந்து தேசியப் பூங்காத் துறை மிச்சமிருந்த எல்லாப் புலிகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. படம் மட்டும் இன்னும் சுற்றுகிறது. அதை இன்றைய செய்தி என்று நம்பிப் பகிர்வதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு, தொடக்கம் நல்லதாக இருந்தால் தொடர்ச்சியும் நல்லதாகவே இருக்கும் என்று எண்ணுவது. இந்தக் கோயில் 1994-ல் வனக் கோயிலாகத் தொடங்கியது. அதற்குப் பெயர் தந்த மகா புவா, காட்டில் தங்கித் தியானம் செய்யும் பிக்குகளின் வன மரபில் தாய்லாந்தே போற்றிய துறவி. அவர் வாழ்ந்தது இங்கல்ல, வடகிழக்கே உடோன் தானியில். தாய்லாந்தில் கோயில் வளாகம் உயிர்களுக்கு அபயதானம் தரும் இடம். அங்கே மீன்கூடப் பிடிக்க மாட்டார்கள். அதனால் அடிபட்ட மானையும் கைவிட்ட நாயையும் கோயிலில் கொண்டுவந்து விடுவது அந்த ஊர் வழக்கம். 1999-ல் தாயை இழந்த ஒரு புலிக்குட்டியும் அப்படித்தான் வந்தது. அது பிழைக்கவில்லை. அப்புறம் இன்னும் சில குட்டிகள் வந்தன. இதுவரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

2001-ல் அரசு அந்தப் புலிகளைத் தன் பொறுப்பில் பதிந்துகொண்டு, இனப்பெருக்கம் கூடாது, வணிகம் கூடாது என்ற நிபந்தனையோடு கோயிலிலேயே விட்டுவைத்தது. ஆனால் புலிகள் பெருகின. பார்வையாளர்கள் குவிந்தார்கள். நுழைவுக்கு 600 பாத் (தாய்லாந்து நாணயம்). புலியின் தலையை மடியில் வைத்துப் படம் எடுக்கத் தனிக் கட்டணம். பொன்னையும் பணத்தையும் பிக்கு தொடக் கூடாது என்பது விநயம் எனப்படும் துறவிகளின் ஒழுக்க நூலில் உள்ள விதி. அந்த விதியை மதிப்பவர்கள் இந்த இடத்திலேயே யோசித்திருக்க வேண்டும். காவியைப் பார்த்ததும் நம் கேள்விகள் அடங்கிவிடுகின்றன. நம் ஊரிலும் இதுதான் நிலைமை. பக்தி வேறு, ஒரு விலங்கை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று பார்ப்பது வேறு.

புலி சாதுவாகப் படுத்திருப்பதைப் பார்த்துச் சிலர் அன்பு என்பார்கள், சிலர் மயக்க மருந்து என்பார்கள். மருந்து கொடுத்தார்கள் என்பது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. மருந்து இல்லையென்றால் எல்லாம் சரி என்று நினைப்பதுதான் இங்கே தவறு. புலியை அடக்கிவைக்க மருந்து தேவையில்லை. பிறந்த சில வாரங்களில் தாயிடமிருந்து பிரித்து மனிதக் கையில் வளர்க்கிறார்கள். வயிறு நிறைந்த புலியை, உச்சி வெயிலில், அது இயல்பாகவே தூங்கும் நேரத்தில், குட்டைச் சங்கிலியில் கட்டிப் போடுகிறார்கள். ஒரு நாளில் பெரும் பகுதியைத் தூங்கியே கழிக்கும் விலங்கு அது. வருகிறவரைக் கையைப் பிடித்துப் பின்பக்கமாக அழைத்துப் போய், தலையருகே போகாமல் உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடங்காத புலியின் முகத்தில் புலிச் சிறுநீரைப் பீய்ச்சி அடக்கியதையும், அடித்ததையும் பிரிட்டனைச் சேர்ந்த கேர் ஃபார் தி வைல்ட் இன்டர்நேஷனல் அமைப்பு 2008-ல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. கோயில் தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2015 மே மாதத்தில் அந்தக் கோயிலின் தலைமைப் பிக்குவையே ஒரு புலி தாக்கிக் காயப்படுத்தியது. வருடக்கணக்கில் கூடவே இருந்தவருக்கே அந்த நிலை என்றால், பத்து நிமிடம் பக்கத்தில் உட்காரும் பயணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. குட்டியைப் பார்த்ததும் மனம் இளகி, இங்கே உயிர்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று முடிவுகட்டிவிடுவது. குட்டிகளின் கணக்கை மட்டும் நிதானமாகப் போட்டுப் பார்த்தால் போதும், மற்றது தானே விளங்கிவிடும்.

காட்டில் ஒரு பெண்புலி நூறு நாளுக்குச் சற்று அதிகமாகச் சுமந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டிகள் ஈனும். ஏறத்தாழ இரண்டு வருடம் அவற்றைக் கூடவே வைத்து வேட்டை கற்றுக்கொடுக்கும். அதன் பிறகுதான் அடுத்த ஈற்று. குட்டிகளை உடனே பிரித்துவிட்டால் தாய் சில மாதங்களிலேயே மறுபடியும் சினைக்குத் தயாராகிவிடும். பால்புட்டி கொடுத்துப் படம் எடுக்கப் பயணிகள் கேட்பது சின்னக் குட்டியைத்தான். குட்டியோ சில மாதங்களில் கடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிடும். அப்போது அடுத்த குட்டி வேண்டும். வருடம் முழுவதும் புட்டிப்பால் குடிக்கும் குட்டி ஒரு இடத்தில் இருந்தால், ஒன்றன்பின் ஒன்றாகத் தாய்ப்புலிகளை ஈனவைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

சரி, வளர்ந்த புலிகள் என்ன ஆகின்றன? ஒவ்வொன்றும் தினம் கிலோக்கணக்கில் இறைச்சி தின்னும், கூண்டில் பதினைந்து வருடத்துக்கு மேலும் வாழும். படம் எடுக்கப் பயன்படாத புலி செலவு மட்டுமே வைக்கும். செத்த புலிக்கோ கள்ளச் சந்தையில் நல்ல விலை உண்டு. எலும்பு மருந்துக்கும் மதுவுக்கும் போகும், தோலும் பல்லும் தாயத்துக்குப் போகும். 2014 டிசம்பரில் அந்தக் கோயிலிலிருந்து மூன்று ஆண்புலிகள் காணாமல் போயின. அடுத்த சில வாரங்களில் அங்கே வேலை பார்த்த கால்நடை மருத்துவர் விலகி, அந்தப் புலிகளின் உடலிலிருந்து எடுக்கப்பட்டிருந்த, அடையாளத்துக்கான மைக்ரோசிப்புகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். 2016-ல் புலிகளை வெளியேற்றிக்கொண்டிருந்தபோது, ஜூன் 1-ம் தேதி, சமையல் பகுதியில் இருந்த உறைபெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கிடைத்தன. மறுநாள் வளாகத்திலிருந்து வெளியே போன வண்டியை நிறுத்தியபோது, ஒரு பிக்கு உட்பட அதில் இருந்தவர்களிடம் புலித்தோல்களும் பற்களும் ஏராளமான தாயத்துகளும் இருந்தன.

குட்டிகள் இயற்கையாக இறந்தவை, விற்கவில்லை என்பதைக் காட்டத்தான் உடல்களைப் பாதுகாத்தோம் என்றது கோயில் தரப்பு. அப்படியே வைத்துக்கொள்வோம். இனப்பெருக்கமே கூடாது என்று சொல்லப்பட்ட இடத்தில் 40 குட்டிகள் சாகும் அளவுக்கு எத்தனை பிறந்திருக்க வேண்டும்? 1999-ல் ஒற்றைக் குட்டி. 2016-ல் அரசு எடுத்துச் சென்றவை மொத்தம் 147. உண்மையான காப்பகத்தில் கணக்கு இப்படிப் போகாது. மீட்டுக் கொண்டுவந்தவை கிழமாகிச் சாகும், புதிதாக எதுவும் அங்கே பிறக்காது. வெளியிலிருந்து மீட்புகள் வராத வருடங்களில் எண்ணிக்கை குறையும்.

பெருகுவது நல்லதுதானே, அழியும் இனம் அல்லவா, காட்டில் விடலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல மனத்தோடு கேட்பதுதான், ஆனால் நடக்காது. வம்சாவளிப் பதிவு இல்லாமல், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்ந்து பிறந்தவை அவை. வேட்டை தெரியாது, மனிதனைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. இத்தனைக்கும் அதே காஞ்சனபுரி மாகாணத்தில்தான் துங்யாய் நரேசுவன் காடு இருக்கிறது. பக்கத்து ஹுவாய் கா கேங் காட்டோடு சேர்த்து அதை 1991-ல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தார்கள். அங்கே காட்டுப் புலிகள் மெல்லப் பெருகிவருகின்றன. கூண்டில் பிறந்த ஒரு புலியும் அதற்குக் காரணமில்லை. வனக்காவலர்கள் நாள்தோறும் கால்நடையாக ரோந்து போனார்கள், வேட்டைக்காரர்களைப் பிடித்தார்கள், கடமான் போன்ற இரை விலங்குகள் பெருக வழிசெய்தார்கள். தானியங்கிக் கேமராவில் சிக்கும் மங்கலான உருவம்தான் அந்தப் புலிகளின் படம். அது வாட்ஸப்பில் வருவதில்லை.

2019 செப்டம்பரில் வேறொரு செய்தி வந்தது. பறிமுதல் செய்த 147-ல் 86 புலிகள் அரசுப் பராமரிப்பில் இறந்துவிட்டன. உடனே, பிக்குகளிடமே விட்டிருந்தால் பிழைத்திருக்குமே என்று பலர் எழுதினார்கள். இது அவசர முடிவு. ராட்சபுரியில் உள்ள இரண்டு அரசு நிலையங்களில் அவற்றை வைத்திருந்தார்கள். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸும் குரல்வளைச் செயலிழப்பும் காரணம், உறவுக்குள் இனம் சேர்ந்ததால் எதிர்ப்புசக்தி குறைந்திருந்தது என்றார்கள் அதிகாரிகள். நெருக்கமான கூண்டுகள், தயாரிப்பில்லாத இடமாற்றம் என்று விலங்குநல அமைப்புகள் அரசைக் குற்றம் சாட்டின. என் பார்வையில் இரண்டும் உண்மை. பலவீனம் கோயிலில் விதைக்கப்பட்டது. அதைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு அரசிடம் இல்லை. 2001-ல் போட்ட நிபந்தனையைத் துறை அப்போதே கண்காணித்திருந்தால், பார்த்துக்கொள்ள வேண்டியவை சில புலிகளாக மட்டுமே இருந்திருக்கும்.

இதை வைத்து எல்லாப் பிக்குகளையும் பழிப்பதும் தவறே. மரத்துக்குக் காவி சுற்றித் தீட்சை கொடுத்து, வெட்ட வருகிறவர்களைத் தடுத்த தாய்லாந்து பிக்குகள் பலர் இருக்கிறார்கள்.

இப்போது தாய்லாந்துக்கு டூர் போகிற நம்மவர்கள் அதிகம். பயணத் திட்டத்தில் புலிப் பூங்கா என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். காவி இருக்காது, ஆனால் முறை அதேதான். போவதற்கு முன் டூர்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். புலியைத் தொட விடுகிறார்களா? குட்டிகள் எப்போதும் இருக்கின்றனவா? வளர்ந்த புலிகள் எங்கே? முதல் இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், மூன்றாவதுக்கு என்ன சொன்னாலும் போகாதீர்கள். புக்கெட்டில் மூடப்பட்ட ஒரு மிருகக்காட்சி சாலையின் புலிகளை 2022-ல் மீட்டு, பெச்சபுரியில் உள்ள வைல்ட்லைஃப் ஃபிரண்ட்ஸ் ஃபவுண்டேஷன் தாய்லாந்து காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கே புலியைத் தொட முடியாது, தூரத்திலிருந்து பார்க்கலாம், சில சமயம் புதருக்குள் இருந்தால் பார்க்கவும் முடியாது. காசு கொடுத்துவிட்டுப் புலியைப் பார்க்காமல் திரும்ப நேரிடலாம் என்பதைக் கூட வருகிற குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.