வெள்ளத்தையும் வெப்பத்தையும் பற்றிப் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கோயில் மண்டபங்களில் பருவநிலை மாற்றம் பற்றிப் பேச இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் எங்கே இடறினோமோ அங்கேயேதான் அவர்களும் இடறுகிறார்கள். மெதுவாகப் பேசு, எழுத்தைப் பெரிதாகப் போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பனிக்கரடியில் தொடங்குவது

வேண்டாம். டர்பனின் சாட்ஸ்வொர்த் மேட்டில் குடியிருப்பவரிடம், சரிவு மண்ணைத் தாங்கும் அவர் வீட்டுப் பின்சுவரைப் பற்றிப் பேசுங்கள்.

பழைய வெள்ளத்தைச் சொல்பவரை மடக்குவது

கூட்டத்தில் ஒரு தாத்தா கட்டாயம் எழுந்திருப்பார். "1917ல உம்கேனி ஆறு பெருகினப்போ மாரிமுத்து படவட்டானும் கூட்டாளிகளும் படகில போய் 176 பேரைக் கரைசேர்த்தாங்க. 1987லயும் வெள்ளம் வந்துச்சு. அப்பல்லாம் எந்தப் பருவநிலை மாறிச்சு?" என்பார். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் சொல்வது உண்மை. "ஆமாம் தாத்தா, ஆறு அன்றைக்கும் பெருகியது. இப்போது அந்த மாதிரி மழை இன்னும் அடிக்கடி வருகிறது, வரும்போது கூடுதலாகவும் கொட்டுகிறது" என்று சொன்னால் போதும். அவரே நம் பக்கம் வந்துவிடுவார்.

'20 வருஷத்துக்கு ஒருமுறை' என்று சொல்லிவிட்டு நகர்வது

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் பக்கம் கொட்டிய மழையில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. கடும் மழை, வெயிலில் பருவநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று ஆராயும் வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன் குழுவின் ஆய்வாளர்கள் அதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். பூமி 1.2 டிகிரி சூடேறாமல் இருந்திருந்தால் அப்படிப்பட்ட மழை சுமார் 40 வருஷத்துக்கு ஒருமுறை வரும்; இப்போது 20 வருஷத்துக்கு ஒருமுறை என்றார்கள். கணக்கு சரி. அதை அப்படியே மண்டபத்தில் சொன்னால்தான் வினை.

போன வருஷம் ஒரு தம்பி அப்படித்தான் சொன்னார். முன்வரிசையில் இருந்த ஆயா தலையாட்டினார். "சரி, 2022ல வந்துட்டுது. இனி 2042 வரைக்கும் பயமில்ல. பின்சுவரை அப்புறம் பாத்துக்கலாம்." தம்பி சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். ஒரு குடும்பம் சுவர் கட்டுவதைத் தள்ளிப்போட நாமே காரணமாகிவிட்டோம்!

நான் ஒரு பையில் 20 புளியங்கொட்டை கொண்டுபோவேன். ஒன்றுக்கு மட்டும் குங்குமம் தடவியிருக்கும்; அதுதான் அந்தப் பெருமழை. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுக்கச் சொல்வேன். அது ஒரு வருஷம். எடுத்ததைத் திரும்பப் பையில் போட்டுக் குலுக்க வேண்டும், அதுதான் முக்கியம். சிவப்புக் கொட்டை வந்த அடுத்த தடவையும் அது பைக்குள்ளேதான் இருக்கிறது. "அப்போ அடுத்த வருஷமே வரலாமா?" என்று அவர்களே கேட்பார்கள். வரலாம். 2019 ஏப்ரல் வெள்ளத்தில் இதே மாகாணத்தில் 70 பேர் போல இறந்தார்கள். 2022 ஏப்ரல் முடிந்து அடுத்த மாதமே, மே மாதத்தில், மறுபடி கனமழை. எல்லாம் ஒரே அளவு இல்லைதான், ஆனால் மழை காலண்டர் பார்த்து வருவதில்லை.

அப்புறம் வீட்டுக் கடனைப் பேசுங்கள். 20 வருஷக் கடன் அடைவதற்குள் அப்படி ஒரு மழை ஒருமுறையாவது வரும் வாய்ப்பு, 40 வருஷத்துக்கு ஒருமுறை என்ற பழைய கணக்கில் நூற்றுக்கு 40. இப்போது நூற்றுக்கு 64. இதைக் கேட்டதும் கையில் பேனாவை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழியை எல்லாம் வானத்தின் மேல் போடுவது

பூமி சூடானதால் அந்த 2022 மழையின் அளவு 4 முதல் 8 சதவீதம்தான் கூடியது என்கிறது அதே ஆய்வு. ஆற்றோரத்திலும் சரிவிலும் குடிசை போடும் நிலைமை, பழைய மழைநீர் வடிகால்கள், இவையும் உயிரைக் குடித்தன. அடைத்த வடிகாலுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால், பிள்ளையைப் பறிகொடுத்தவர் நம்மை ஏன் நம்ப வேண்டும்?

பயமுறுத்தி அனுப்பிவைப்பது

கூடாது. டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டில் 2022 வெள்ளத்துக்குப் பிறகு பல மாதம் குழாயில் தண்ணீர் இல்லை. அங்கே போனால் தொட்டி எங்கே வைப்பது, கூரைத் தண்ணீரை எப்படிப் பிடிப்பது, வடிகால் அடைப்பை யாரிடம் எழுதிக் கொடுப்பது என்பதற்குப் பாதி நேரம் ஒதுக்குங்கள்.