நடக்காத சடங்கிலிருந்து ஒரு சரித்திரக் கதை: புதிதாக எழுத வருபவர்களுக்கு

சரித்திரக் கதை எழுத ஆசை, ஆனால் ராஜா, வாள், குதிரை எல்லாம் வேண்டாம், நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி எல்லாரும் போன வழியில் போகாமல் எப்படிப் பெரியவளானாள் என்று எழுதினால் போதும் என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் வாருங்கள். நான் முதலில் எழுதிய கதை படு மோசம். இந்தக் காலத்துப் பெண்ணுக்குக் கண்டாங்கிச் சேலை கட்டிவிட்டு "1870கள்" என்று மேலே எழுதி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

முதல் வேலை: வருஷத்தையும் ஊரையும் பிடியுங்கள்

"அந்தக் காலத்தில்" என்று தொடங்கினால் கதை நிற்க இடமிருக்காது. இந்த விளக்கத்துக்கு 1877, சித்திரை மாதம், இடையன்குடிப் பக்கத்துத் தேரிக்காடு, அதாவது செம்மணல் காடு, என்று வைத்துக்கொள்வோம். தாது வருஷப் பஞ்சம் இன்னும் தீரவில்லை. தூத்துக்குடிக்கு ரயில் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, நம்ம பெண் அதைப் பார்த்திருக்கமாட்டாள், யாராவது சொல்லக் கேட்டிருப்பாள். ஆட்கள் கங்காணியின் (தோட்டத்துக்கு ஆள் பிடிப்பவர்) பின்னால் இலங்கைக்குக் கப்பலேறுகிறார்கள். அங்கே அப்போது பெரும்பாலும் காப்பித் தோட்டம், தேயிலை பரவியதெல்லாம் பிறகுதான். "தேயிலைக்குப் போன மாமன்" என்று எழுதிவிடாதீர்கள், நான் எழுதினேன்.

இரண்டாவது: இருந்தது எது, இல்லாதது எது

ஒரு நோட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். இடையன்குடி என்றதும் நமக்கு அந்தப் பெரிய கிறிஸ்தவக் கோயில்தான் கண்ணில் வரும். மிஷனரி கால்டுவெல் அதைக் கட்ட ஆரம்பித்து முடிக்க 33 வருஷம் ஆனது, முடிந்தது 1880இல். ஆக, 1877இல் நம்ம பெண் பார்ப்பது கட்டி முடியாத கோயிலை. மணியோசை கேட்டு எழுந்தாள் என்று போடுவதைவிடக் கல் கொத்தும் சத்தம் கேட்டாள் என்று போட்டால் காட்சி எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

காசு விஷயத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. வருஷம் கேட்டால் ஊர்ப் பெரியவர் கொல்லம் ஆண்டு 1052 என்பார், அல்லது ஈசுவர வருஷம் என்பார், 1877 என்று சொல்லமாட்டார். அப்புறம் ஒன்று, பெண்கள் மாரை மறைத்து மேல்சீலை போடும் உரிமைக்கான தோள்சீலைக் கலகம் நடந்தது திருவிதாங்கூர் எல்லைக்குள், கம்பெனி ஆண்ட நம்ம பக்கத்தில் இல்லை. அதைத் தூக்கி இங்கே வைத்தால் நாகர்கோவில்காரர் யாராவது சண்டைக்கு வருவார், நியாயமாகவே.

மூன்றாவது: அவள் கை என்ன செய்கிறது

பெரும்பாலானவர்கள் அவள் மனசிலிருந்து தொடங்குவார்கள். நான் கையிலிருந்து தொடங்கச் சொல்வேன். இசக்கி என்று பெயர் வைப்போம். ஐயா பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கின பதநீரை அம்மையும் இவளும் விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசை) காய்ச்சவேண்டும், கூப்பனி என்கிற பாகுப் பக்குவம் தாண்டியதும் சிரட்டையில் ஊற்றவேண்டும். பதநீர் காத்திருக்காது, அன்றன்றைக்குக் காய்ச்சியாகணும். கண்ணெல்லாம் புகை, கையெல்லாம் பிசுபிசுப்பு.

இன்னொரு பக்கம், கால்டுவெல்லின் மனைவி எலைசா அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. பஞ்சத்துக்குப் பயந்து அம்மை இசக்கியை அங்கே அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம், இது நம்ம கற்பனை. இப்போது யோசியுங்கள். விடியற்காலை கருப்பட்டி காய்ச்சிய கை, பத்து மணிக்கு வெள்ளை நூலைத் தொடவேண்டும். மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். இந்த ஒரு காட்சி கிடைத்துவிட்டால் பத்துப் பக்க மனப்போராட்டம் மிச்சம்.

நான்காவது: அவளுடைய மீறல் எது

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மீறல் என்றதும் ஓடிப்போவது, படிப்பது, மேடையில் பேசுவது. 1877இல் தேரிக்காட்டிலிருந்து ஓடினால் எங்கே போவாள், எதைச் சாப்பிடுவாள் என்று நாம் கேட்பதே இல்லை.

நான் செய்தது இது. இசக்கி பெரிய மனுஷி ஆகிறாள். சடங்கு நடக்கவில்லை, ஏனென்றால் சீர் கொண்டுவர வேண்டிய தாய்மாமன் இலங்கைக்குப் போய்விட்டார். உளுந்து இல்லை, நல்லெண்ணெய் இல்லை, களி கிண்டுவதற்கு வீட்டில் இருப்பது கருப்பட்டி மட்டும்தான். ஊர்க்கண்ணுக்கு அவள் இன்னும் சின்னப்பிள்ளை. முதல் பிரதியில் அவள் "எனக்குச் சடங்கே வேண்டாம்" என்றாள். பொய்யாகத் தெரிந்தது. அந்த வயசுப் பிள்ளைக்குப் புதுச்சேலை ஆசை இருக்காதா? அதனால் மாற்றினேன். அவளுக்குச் சடங்கு வேண்டும், மாமன் வரும்வரை காத்திருக்கத்தான் முடியாது. லேஸ் காசில் தன் சீரைத் தானே வாங்கி வருகிறாள். சம்பிரதாயத்தை அப்படியே நடத்துகிறாள், ஆனால் ஆம்பிளை நிற்கவேண்டிய இடத்தில் தான் நின்றுகொள்கிறாள். வீட்டில் இதற்கு என்ன சொல்வது என்றே யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாவது: பேச்சு

கதை சொல்லும் நடை உங்கள் விருப்பம், பேச்சு மட்டும் அந்த வீட்டுப் பேச்சாக இருக்கட்டும். நான் எழுதியது:

"சேலை எங்கேயிருந்துட்டி வந்துச்சு?" என்றாள் ஆச்சி.
"நான்தான் எடுத்தேன் ஆச்சி."
"அது உன் மாமன் எடுக்கணும்."
"சரி, மாமா வந்ததும் துட்டத் தரச் சொல்லு."

ஆச்சி சிரிப்பாளா, அடிப்பாளா என்று உடனே முடிவு செய்யாதீர்கள். நான் ஒரு வாரம் விட்டுவைத்தேன். கடைசியில் அவள் ஒன்றும் சொல்லாமல் உளுந்தைப் புடைக்க உட்கார்ந்தாள்.

கடைசி வேலை

எழுதி முடித்ததும் பிரதியில் "சுதந்திரம்", "உரிமை", "தன் அடையாளம்" என்ற சொற்களைத் தேடுங்கள். கதை சொல்பவர் வாயில் ஒன்றிரண்டு இருந்தால் போகட்டும், இசக்கி வாயில் இருந்தால் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் அவள் என்ன வாங்கினாள், எத்தனை அணா கொடுத்தாள், மிச்சத்தை எங்கே முடிந்துவைத்தாள் என்று எழுதிப் பாருங்கள். பிறகு ஊரில் வயசான ஆச்சி யாராவது இருந்தால் உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எங்க தெரு ஆச்சி குறுக்கே பேசியது ஒரே இடத்தில்தான்: களிக்கு நான் எண்ணெய் போதாமல் ஊற்றிவிட்டேனாம்.