துத்தநாக எதிர்ப்பு பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குக் கடப்பதை ஆய்வகத்தில் காட்டுவது எப்படி?

1976ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில், ஒரு துத்தநாகத் தொழிற்சாலைத் தொட்டியின் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கூப்ரியாவிடஸ் மெட்டாலிடூரன்ஸ் சி.எச்.34 என்னும் பாக்டீரியா, 12 மில்லிமோலார் அளவு துத்தநாகத்தையும் தாங்கக்கூடியது. செல்லுக்குள் புகுந்த துத்தநாகம், கோபால்ட், காட்மியம் அயனிகளை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்களுக்கான மரபணுக்கள் அதன் குரோமோசோமில் அல்லாமல், பிமோல்30 என்ற பெரிய பிளாஸ்மிட்டில் (குரோமோசோமிலிருந்து தனித்திருக்கும் டிஎன்ஏ வளையத்தில்) இருப்பதே இதற்குக் காரணம். அந்தப் பிளாஸ்மிட் இன்னொரு செல்லுக்குக் கடந்தது என்பதை ஐயமின்றி நிறுவும் வழியை இங்கே விளக்குகிறேன்.

பிளாஸ்மிட்டைக் கொடுக்கும் வழங்கியாக சி.எச்.34ஐயும், அதைப் பெறும் ஏற்பியாக அதன் பிளாஸ்மிட் நீக்கப்பட்ட வழித்தோன்றலான ஏ.இ.104இல் இயல்பாகத் தோன்றிய, ரிஃபாம்பிசின் என்னும் ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் திரிபையும் எடுத்துக்கொள்ளலாம். பிமோல்30 தனித்து இடம்பெயர்வது அரிது. செல்லுக்குச் செல் எளிதில் கடக்கும் ஆர்பி4 என்ற பிளாஸ்மிட்டையும் வழங்கிக்குள் முன்கூட்டியே செலுத்திவைத்தால் பிமோல்30 கடக்கும் வாய்ப்பு கூடும். ஆர்பி4 மூன்று ஆன்டிபயாட்டிக்குகளுக்கான எதிர்ப்பையும் உடன் சுமந்து செல்வதால், பயன்படுத்திய ஒவ்வொரு தட்டையும் ஆட்டோகிளேவ் செய்த (உயர் அழுத்த நீராவியில் கிருமிநீக்கிய) பிறகே அப்புறப்படுத்த வேண்டும். ஆட்டோகிளேவ் உயிரைக் கொல்லுமே தவிர உலோகத்தை அழிக்காது. ஆகவே துத்தநாகக் கழிவைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் தனியாகச் சேகரியுங்கள். காட்மியத்தையோ பாதரசத்தையோ விட்டுத் துத்தநாகத்தைத் தேர்ந்ததும், மாணவர் கையாள அது பாதுகாப்பானது என்பதால்தான்.

பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டப்பொருளான வளர்தளத்தில்தான் பலருடைய சோதனை பிழையாகிறது. பாஸ்பேட் மிகுந்த தளத்தில் துத்தநாகம் வீழ்படிவாகிவிடும். பெப்டோன் நிறைந்த தளத்திலோ அது கரிமப் பொருள்களோடு பிணைந்துவிடும். இரண்டிலும் எதிர்ப்பில்லாத செல்லும் நிம்மதியாக வளர்ந்து, எதிர்ப்புடையதைப் போலக் காட்சியளிக்கும். எனவே பாஸ்பேட் குறைந்த, டிரிஸ் தாங்கலும் குளுகோனேட்டும் கொண்ட தளத்தையே பயன்படுத்துங்கள். ஏற்பி முற்றிலும் வளராத, வழங்கி நன்றாக வளர்கிற துத்தநாகச் செறிவை முதலில் பல தட்டுகளில் சோதித்து முடிவு செய்யுங்கள். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸாக இருக்கட்டும்; 37 டிகிரியில் சி.எச்.34 பெருமளவில் மடிவதோடு திரிபுகளும் பெருகும்.

இரண்டு வளர்ப்புகளையும் சம அளவில் கலந்து, 0.45 மைக்ரான் சவ்வு வடிதாளில் வடித்து, உலோகமற்ற அகார்மீது ஓர் இரவு வையுங்கள். செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது பிளாஸ்மிட்டின் ஓரிழை வெட்டப்பட்டு ஏற்பிக்குள் செல்ல, இரு செல்களும் தத்தம் இழைக்கு இணையைத் தயாரித்துக்கொள்கின்றன. இதனால் வழங்கி எதையும் இழப்பதில்லை. மறுநாள் செல்களைக் கரைசலில் கலக்கி, நீர்த்து, துத்தநாகமும் ரிஃபாம்பிசினும் சேர்ந்த தட்டுகளில் பரப்புங்கள். ஏற்பிகளின் மொத்த எண்ணிக்கையை அறிய, ரிஃபாம்பிசின் மட்டும் உள்ள தட்டிலும் பரப்பி எண்ணுங்கள். துத்தநாகத் தட்டில் வந்த காலனிகளை இந்த எண்ணால் வகுத்தால் கடத்தல் வீதம் கிடைக்கும்.

கட்டுப்பாட்டுத் தட்டுகள் இல்லாத சோதனைக்கு மதிப்பில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வழங்கியை மட்டும், ஏற்பியை மட்டும் அதே அளவில் பரப்பிப் பாருங்கள். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி சேர்த்த கலவையிலும் காலனிகள் வந்தால், வெளியே சிதறிய டிஎன்ஏ உள்ளே புகுந்ததால் அவை வரவில்லை என்று தெளியலாம். வழங்கியின் செல்நீக்கிய வடிநீரை ஏற்பியோடு சேர்த்தும் காலனி வராவிட்டால், வைரஸ் சுமந்து வந்திருக்கும் சாத்தியமும் விலகும்.

இன்னொரு ஏமாற்றமும் நேரலாம். வழங்கியே திரிந்து ரிஃபாம்பிசின் எதிர்ப்பைப் பெற்றால், அதுவும் அதே தட்டில் வளரும். இரு வகைகளின் குரோமோசோமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், துத்தநாக எதிர்ப்பு மரபணுவைப் பெருக்கித் தேடும் பி.சி.ஆர். சோதனை மட்டும் அவற்றைப் பிரித்தறியாது. அப்போது கிடைத்த காலனிகளை நிக்கல் கலந்த தட்டுக்கு மாற்றுங்கள். நிக்கல் எதிர்ப்பு சி.எச்.34இன் மற்றொரு பிளாஸ்மிட்டான பிமோல்28இல் இருக்கிறது. துத்தநாகத்தில் வளர்ந்து நிக்கலில் வளராத காலனியே, பிமோல்28 இன்றி பிமோல்30ஐப் பெற்றுக்கொண்ட ஏற்பி.